பதினேழாம் இருக்கையின் திரை

"முதலாளி, எனக்குன்னு சொந்தமா ஒரு மானிட்டர் வாங்கணும். கூட வர்றீங்களா?" என்று திங்கட்கிழமை காலையில் போமி வந்து நின்றாள்.

எங்கள் ஊர் புப்யங்கில் நான் பீசி பாங், அதாவது கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடை, நடத்துகிறேன். அறுபது கம்ப்யூட்டர்கள், மணிக்கணக்கில் உட்கார்ந்து ஆடுவார்கள், பசித்தால் ராம்யன் நூடுல்ஸ் தருவோம். மூன்று வருஷமாக இங்கே வரும் போமி பதினேழாம் இருக்கையில் மட்டும்தான் ஆடுகிறாள். அங்கே உட்கார்ந்துதான் முதல் போட்டியை ஜெயித்தாளாம். அங்கே வேறு யாராவது இருந்தால், அவர் எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். ராசி அப்படி! ஆனால் துப்பாக்கி விளையாட்டில் அவள் சுடுவதைப் பார்க்க நானே கல்லாவை விட்டு எழுந்து வருவேன். எதிரி சுவர் மறைவிலிருந்து தலைகாட்டும் முன்பே இவள் குறி அங்கே போய்க் காத்திருக்கும். என்ன பெண்ணடா இவள் என்று தோன்றும்.

அப்படிப்பட்டவளை, போன வசந்தத்தில், சம்பளத்துக்கு ஆள் எடுத்து ஆடவைக்கும் ஒரு அணிக்காரர்கள் என் கடையிலிருந்தே இணையம் வழியாக ஆடவிட்டுப் பார்த்து, கை கொஞ்சம் தாமதம் என்று தள்ளிவிட்டார்கள். வருகிற சனிக்கிழமை தங்கள் இடத்துக்கே கூப்பிட்டிருக்கிறார்கள். இதிலும் தோற்றால் ஆட்டத்தை விட்டுவிட்டு அக்காவின் முடிதிருத்தகத்துக்குப் போவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

யோங்சான் மின்னணுச் சந்தையில் என் சிநேகிதன் குவாக்கின் கடைக்குப் போனோம். நான் நேராக முப்பத்திரண்டு அங்குலத் திரையின் முன்னால் போய் நின்றேன்.

"இதை எடு. எதிரி ஆளுயரத்துக்குத் தெரிவான்."

"தெரிவான் முதலாளி. ஆனா மூலையில இருக்கற வரைபடத்தைப் பாக்க நான் கழுத்தைத் திருப்பணுமே. திரும்பறதுக்குள்ள என்னைச் சுட்டுடுவான். இருபத்தஞ்சு அங்குலம்னா கண்ணு மட்டும் போனாப் போதும்."

"நீ போய் ராம்யன் கொதிக்க வைடா. இங்க அந்தப் பொண்ணு பேசட்டும்" என்றான் குவாக்.

இருபத்தைந்து அங்குலத் திரைகள் மூன்றை வரிசையாக வைத்தான். நொடிக்கு எத்தனை முறை படம் மாறும் என்ற எண்ணைக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தான். போமி ஒவ்வொன்றிலும் மவுஸை வட்டமாகச் சுழற்றி, ஓடும் அம்பையே பார்த்தாள். மூன்றாவதில், "அம்மாடி, வழுக்கிட்டு ஓடுதே!" என்றாள். மறுபடி முதல் திரைக்கு வந்தாள்.

"இது நம்ம கடையில இருக்கற மாதிரியே இருக்கு."

"நம்ம கடையில எல்லாமே இருநூத்து நாப்பது ஹெர்ட்ஸ்" என்றேன் பெருமையாக.

குவாக் காகிதத்தைக் கிழித்தான். அறுபது என்றிருந்தது.

"இவளுக்குக் கண்ணுல ஏதோ கோளாறு" என்று கத்தினேன்.

"கண்ணுல கோளாறா? மூணாவது முந்நூத்து அறுபதுடா. சரியாக் கண்டுபிடிச்சுட்டா. உன் கடையில போய்ப் பாரு."

போமி அந்த மூன்றாவதையே வாங்கிக்கொண்டாள். கடைக்குத் திரும்பியதும் நான் பதினேழாம் மேஜைக்குக் கீழே நுழைந்தேன். பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரோ ராம்யனைக் கொட்டியதில் அந்தத் திரையின் கேபிள் போய்விட்டது. புதிது வாங்கச் சோம்பல்பட்டு, டிராயரில் கிடந்த பழைய கேபிளைச் சொருகியிருந்தேன். அது அறுபதுக்கு மேல் தாங்காது. மற்ற ஐம்பத்தொன்பதும் நன்றாகத்தான் இருந்தன.

வெட்கத்தில் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"உன் கை தாமதமே இல்லைம்மா. எல்லாம் என்னால வந்த வினை. நல்லாத் திட்டு."

"திட்டறேன், சனிக்கிழமை ஆகட்டும். இப்ப நேரமில்லை. புதுசை இங்கயே மாட்டுங்க."

அந்த ஐந்து நாளும் அவள் ஆடியதைப் பார்க்க ஆளுக்கு ஆள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"முதலாளி, சேத்துக்கிட்டாங்க!"

வாயில் வந்ததைச் சொல்லிக் கத்தினேன். கடையே திரும்பிப் பார்த்தது.

"கேளுங்க. எதிரி வர்றதுக்கு முன்னாடியே எப்படிக் குறி வைக்கறேன்னு பயிற்சியாளர் கேட்டாரு. என் திரையில எல்லாம் லேட்டாத்தான் தெரியும், அதனால அவன் எங்க வருவான்னு முன்னாடியே யோசிச்சுப் பழகிட்டேன்னு சொன்னேன். இத்தனை வருஷத்துல இப்படி ஒருத்தியைப் பாத்ததில்லைன்னுட்டாரு."

நான் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"இப்ப திட்டட்டுமா?"

"திட்டும்மா."

"கஞ்சப் பிசினாறி..." என்று ஆரம்பித்தாள். கல்லாவில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.