கைவிட மாட்டோம்

வெளியுறவுத் துறையின் துணைச் செயலாளர் ஒப்பந்த மேடையில் புகைப்படத்துக்காக நீட்டிய வலது கை கடைசிவரை அவரிடம் திரும்பி வரவில்லை. அதைப் பிடித்திருந்தவர் கூட்டாளி நாட்டின் துணைச் செயலாளர். வளர்ந்து வரும் இரண்டு நாடுகள், பெரிய நாடுகளுக்குத் தலையாட்டாமல் தங்கள் வழியைத் தாங்களே பார்த்துக்கொள்ளச் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. தலைவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், கைதட்டல் ஓய்ந்தது, ஆட்கள் வந்து நாற்காலிகளை மடக்கினார்கள். இவர்கள் இருவர் மட்டும் சிரித்தபடியே நின்றுகொண்டிருந்தார்கள். எண்ணெய், சோப்பு, பனிக்கட்டி எதற்கும் கைகள் மசியவில்லை. நம் துணைச் செயலாளரின் மனைவி பல் டாக்டர்; பல் பிடுங்குமுன் போடும் ஊசியைக்கூடப் போட்டுப் பார்த்தாள். கைகள் மரத்தன, பிரியவில்லை.

தப்பு நம்மவருடையதுதான். கூட்டறிக்கையில் 'ஒத்துழைப்போம்' என்றிருந்தது சப்பென்று இருக்கிறதே என்று 'ஒருபோதும் கைவிட மாட்டோம்' என மாற்றியவர் அவர். பத்திரிகைகள் அந்த வரியைத் தலைப்பாகவே போட்டன. வரியை எடுத்துவிட்டால் கையும் விடும் என்று இரண்டு தலைநகரங்களுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் யார் முதலில் வாயைத் திறந்தாலும் கைவிட்டது அவர்கள் என்றாகிவிடுமே. அதனால் யாரும் திறக்கவில்லை.

வேறு வழியில்லாமல் பல் டாக்டர் இருவரையும் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். வந்தவருக்கு விருந்தாளி என்று பேர் வைத்தாள். கட்டிலை ஒட்டி இன்னொரு கட்டில் போட்டாள். சட்டைக் கையைத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை பிரித்துப் பித்தான் வைக்கத் தையல்காரர் கற்றுக்கொண்டார். விருந்தாளி நல்ல மனிதர், குறட்டை விடுவார், மூன்றே வருடத்தில் நம் பாஷையில் சலித்துக்கொள்ளக் கற்றுவிட்டார். அவருடைய மனைவி ஒருமுறை விமானம் ஏறி வந்து, வாசலில் நின்று மூன்று பேரையும் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனாள். அன்று விருந்தாளி சாப்பிடவில்லை. பல் டாக்டரும் சாப்பிடவில்லை.

தொந்தரவெல்லாம் உலக சபையில்தான். வாக்கெடுப்பில் ஒருவர் கை உயர்ந்தால் மற்றவர் கையும் கூடவே உயர்ந்தது. யார் தூக்கினார், யார் தூக்கப்பட்டார் என்று அவர்களுக்கே தெரியவில்லை. யாருக்கும் தலையாட்டக் கூடாது என்று போட்ட ஒப்பந்தம் இப்படிக் கையாட்ட வைத்துவிட்டதே என்று துணைச் செயலாளர் வீட்டுக்கு வந்து புலம்புவார். விருந்தாளியும் அதையேதான் புலம்புவார். பல் டாக்டர் இரண்டு பேருக்கும் காபி கொடுப்பாள்.

அவளுக்கென்று மிஞ்சியது கணவருடைய இடது கை. கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை நடப்பாள். விருந்தாளி அந்த நேரம் மட்டும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நடப்பார்.

பன்னிரண்டாம் வருடம் பெரிய நாடு ஒன்று வந்தது. எங்களோடும் கூட்டு வேண்டும், அதே வாசகம் எங்களுக்கும் வேண்டும் என்றது. கை கொடுக்கப் போவது யார் என்று துறையில் பெரிதாக யோசிக்கவில்லை. அனுபவம் உள்ளவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு ஒரு கை சும்மாதானே இருக்கிறது என்றார்கள்.

புது ஒப்பந்தத்தன்று காலை பல் டாக்டர்தான் அவருக்குப் பித்தான் மாட்டினாள்.

"அந்தக் கையையும் குடுத்துட்டு வந்தீங்கன்னா நான் எதப் புடிச்சுக்கிறது?"

"மேலேர்ந்து உத்தரவு. நான் என்ன பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். கேட்டேன், அவ்வளவுதான்."

விருந்தாளி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிளினிக்கில், வாயில் பஞ்சோடு ஒரு நோயாளி காத்திருக்க, அவள் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரிய நாட்டுத் தூதர் பல் தெரியச் சிரித்து இடது கையை நீட்டினார். அவள் கணவரின் இடது கை எழுந்தது, முன்னால் போனது, பாதியில் நின்றது. அப்புறம் மெல்லத் திரும்பி வந்து தன்னுடைய வலது மணிக்கட்டையே இறுகப் பற்றிக்கொண்டது. உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரியும், அந்த மூன்று வார்த்தைகளோடுதான் அவள் இத்தனை வருடம் குடித்தனம் நடத்துகிறாள். தூதர் கொஞ்சம் விழித்துவிட்டு, இதுதான் இங்கே மரியாதை போலிருக்கிறது என்று தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

இருட்டும் முன்பே மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். இடது கை வலது கையை விடவில்லை. விடாது என்று மூவருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் சோப்பைத் தேடவில்லை.

"குடுக்கலை," என்றார் அவர்.

"பாத்தேன்."

"உனக்கும் இல்லாமப் போச்சே."

அவள் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் ஊட்டினாள். "இருக்கட்டும் விடுங்க. நம்ம கையிலதான இருக்கு."

விருந்தாளி தண்ணீர் டம்ளரை எடுத்து அவர் வாயருகே பிடித்தார். சாப்பாடு முடிந்ததும் மூவரும் தெருமுனைவரை நடந்தார்கள். முழங்கை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்பதைப் பல் டாக்டர் அப்போதுதான் கவனித்து, அதில் தன் கையைக் கோத்துக்கொண்டாள். திரும்பும் வழியில் தையல்காரர் கடையில் நின்று, இனி இடது கைக்கும் பித்தான் வைத்துவிடச் சொன்னாள்.