இரண்டு புட்டிகள்

மேசைமேல் இரண்டு சிறுநீர்ப் புட்டிகள் இருந்தன, இரண்டும் முத்திரை உடையாதவை. பந்தய வீரனிடம் வாங்கும்போதே அதை இரண்டாகப் பிரித்து மூடிவிடுவார்கள். முதல் புட்டியில் மருந்து தெரிந்து, வீரன் இல்லவே இல்லை என்று சாதித்தால், அவன் கண்ணெதிரே இரண்டாவதைத் திறந்து மறுபடி சோதிக்க வேண்டும். அதுவரை ஆய்வகத்துக்கு அவன் வெறும் எண். பெயரும் முகமும் கிடையாது. இன்று மேசைமேல் இருந்தவை இரு வேறு எண்களின் இரண்டாவது புட்டிகள். ரைன்ஹில்டா இந்த வேலையிலேயே தலை நரைத்தவள். இரண்டாவது புட்டி முதல் புட்டியைப் பொய்யாக்கி அவள் பார்த்ததில்லை. ஆனாலும் திறக்கும் நாளன்று அவளுக்குக் காலையில் ரொட்டி இறங்காது. வருகிறவர்கள் அந்தப் புட்டியைப் பார்க்கும் பார்வை அப்படி.

இன்று வந்திருந்தவன் வான்னஸ். சைக்கிள் பந்தயக்காரன். அவனிடம் அகப்பட்டது கருவுற்ற பெண்களின் உடம்பில் ஊறும் ஹார்மோன். ஊக்கமருந்தால் ஆண்மை வற்றிப்போகிறவர்கள் அதை மீட்க இதை ஊசியாகப் போட்டுக்கொள்வார்கள். செய்தி வெளியானதும் ஃபிளாண்டர்ஸ் பகுதி முழுக்கச் சிரித்தது. யாரோ ஒரு புண்ணியவான் அவன் வீட்டுக் கதவில் குழந்தைக்கான இடுப்புத்துணியைக் கட்டிவிட்டுப் போனான். சைக்கிள் என்றால் உயிரை விடும் ஊர், சறுக்கியவனை அவ்வளவு சுலபத்தில் விடாது.

அவன் அப்பாவின் பெயர் ஓடில். பீர்க்கடை வைத்திருப்பவர். மகனின் ரசிகர் மன்றம் அந்தக் கடையில்தான் கூடும். செய்தி வந்த அன்றே சுவரிலிருந்த மகனின் படங்களையெல்லாம் இறக்கிவிட்டார். அன்றிலிருந்து மகனோடு பேச்சில்லை. மனைவி அழுது அனுப்பியதால் வந்திருந்தார். மகனை விட்டுத் தள்ளி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"முத்திரையையும் எண்ணையும் பாருங்க தம்பி. சரியா இருக்கா?" என்றாள் ரைன்ஹில்டா.

வான்னஸ் குனிந்து பார்த்தான். இருமல் வந்தது. அடக்கிக்கொண்டு, "சரியாத்தான் இருக்கு டாக்டர். ஆணா பொண்ணான்னு சேர்த்துச் சொல்லிடுங்க. ஊர்ல பந்தயம் கட்டியிருக்கானுங்க" என்றான்.

"கொஞ்சமாவது வெக்கம் இருக்கா பாரு," என்றார் ஓடில், ஜன்னலைப் பார்த்து.

கூட வந்திருந்த வக்கீல் தொண்டையைச் செருமினார். "மேடம், ஒண்ணு பதிவாகணும். இந்தப் புட்டி வசந்தத்துல, பந்தயம் முடிஞ்சதும் எடுத்தது. அந்தப் புட்டி போன மாசம் வீட்டுக்கே வந்து எடுத்தது. தடை போட்டு, வண்டியைத் தொடாம, வயல்ல உருளைக்கிழங்கு தோண்டிக்கிட்டு இருக்கிற ஆளு. அவனுக்கு முன்னைவிடப் பல மடங்கு வந்திருக்குன்னு எழுதியிருக்கீங்க. பந்தயமே இல்லாதவன் எதுக்கு ஊசி போடணும்? உங்க மெஷின்ல கோளாறுங்கறேன் நான்."

ரைன்ஹில்டா இரண்டு புட்டிகளின் எண்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்த இரண்டு அளவுகளும் அவளுக்கு நினைவிருந்தன. மறக்கக்கூடிய அளவுகள் அல்ல. இருவேறு முறைகளில் சோதித்து, ஐயமில்லை என்றான பிறகுதான் எழுதினாள். ஆனால் எண்கள் வேறு வேறு; இரண்டு ஆட்கள், இன்னொருவன் பிறகு வருவான் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"ரெண்டும் இவரோடதா?"

"பின்ன? அதைத்தானே சொல்றேன்."

ஊசியில் ஏறியது சில நாளில் இறங்கிவிடும். மாதக்கணக்கில் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், அது உடம்புக்குள்ளேயே ஊறுகிறது. ஆண் உடம்பில் அதை ஊறவைப்பது எது என்று அவளுக்குத் தெரியும். இந்த அறையில் முத்திரையையும் எண்ணையும் தவிர அவள் வேறெதுவும் பேசக் கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியவன்மேல் அவளுக்குக் கோபம் பொங்கியது.

"மருத்துவரைக் கட்டாயம் பார்க்கணும்னு அறிக்கையில கடைசி வரியா எழுதியிருந்தேன். பார்த்தீங்களா?"

வான்னஸ் வக்கீலைப் பார்த்தான்.

"நான்தான் வேண்டாம்னேன்," என்றார் வக்கீல். "வழக்கு நடக்கறப்போ டாக்டர்கிட்ட போனா, அவர் எழுதறதெல்லாம் நம்ம தலையிலதான் விடியும். அதுவும் இல்லாம, இது உங்க வேலை இல்ல மேடம்."

"இல்லதான்," என்றாள் அவள். வான்னஸ் பக்கம் திரும்பினாள். "தம்பி, கூச்சப்படாம சொல்லுங்க. கீழே வீக்கம் ஏதாவது இருக்கா?"

அவன் காதுவரை சிவந்தான். "அது சீட்டால வந்தது டாக்டர். நாள் முழுக்க அதுமேலதானே உக்காந்திருக்கோம். எங்க ஆளுங்க எல்லாருக்கும் இருக்கும். சீட்டை மாத்தினேன், களிம்பு போட்டேன்."

"வண்டியை விட்டுத்தான் மாசக்கணக்குல ஆச்சே. குறைஞ்சுதா?"

அப்படி ஒரு கணக்கை அவன் போட்டுப் பார்த்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"பெருசாயிருக்கு," என்றான்.

"இந்த இருமல்?"

"ரெண்டு மாசமா. சில நாள் ரத்தமும் வருது. அம்மாகிட்ட சொல்லல."

ரைன்ஹில்டா அவன் எதிரே உட்கார்ந்தாள். இவனைவிட இரண்டு வயது மூத்த மகன் அவளுக்கு இருக்கிறான். "இது ஊசி மாதிரி தெரியல. விரையில ஒரு மாதிரியான கட்டி வந்தா, அதுவும் இதே ஹார்மோனைச் சுரக்கும். மார்பு வரைக்கும் பரவியிருக்கலாம்னு பயப்படறேன். நீங்க இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும், இங்கேருந்தே. நானே போன் பண்றேன்."

வக்கீல் தன் காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார்.

"அப்போ நான் போடலன்னு ஆயிடுதா?" என்றான் வான்னஸ்.

"ஆயிடும். ஆனா தம்பி..."

அந்த 'ஆனா' அவன் காதில் விழவில்லை. தேர்வில் தேறிய பையனைப் போல முகம் மலர்ந்துவிட்டது, கண்ணில் தண்ணீர். நாற்காலியோடு அப்பா பக்கம் திரும்பினான். "கேட்டியாப்பா? நான் போடல. அம்மா மேல சத்தியமா போடலன்னு சொன்னேன்ல? கட்டிதானாம். இப்பவாவது நம்புறியா?"

ரைன்ஹில்டாவால் அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க முடியவில்லை. போனைத் தேடுகிறவளைப் போலக் குனிந்துகொண்டாள். புற்று என்ற சொல்லை அவள் இன்னும் சொல்லவே இல்லை.

ஓடில் எழுந்து வந்தார். நடுவில் கிடந்த நாற்காலி இடறியது அவருக்குத் தெரியவில்லை. மகனுக்குப் பின்னால் வந்து நின்று, அவன் சட்டையைத் தோளோடு சேர்த்துக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா," என்றார் ரைன்ஹில்டாவிடம். "இவன் பொய் சொல்றான். ஊசிதான் போட்டான். நானே பார்த்தேன்."

"அப்பா, என்னப்பா பேசற?"

"நீ சும்மா இரு." குரல் உடைந்தது. பிடியை விடவில்லை. "போட்டான்னே எழுதிடுங்கம்மா. எங்க வேணும்னாலும் நான் கையெழுத்துப் போடறேன். ஊசின்னே எழுதுங்க."