அசல் வாளில் விழுந்த முத்திரை

பட்டறையில் அவளை எல்லோரும் முத்திரையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ராணுவ அதிகாரிகள் அணிவகுப்பில் இடுப்பில் கட்டும் வளைந்த வாள் இருக்கிறதே, அதை அச்சு அசலாகச் செய்து, சேகரித்து வைக்கும் ஆசாமிகளுக்கு விற்கிற பட்டறை அது. ஒரு வெங்காயம்கூட நறுக்காத வாளைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்து ரசிக்கிறவர்களுக்கு உலகத்தில் பஞ்சமே இல்லை. கைப்பிடியை இறுக்கியதும் அதையொட்டி அலகில் ‘நகல்’ என்று முத்திரை குத்த வேண்டும், சட்டம் அப்படி. இரண்டும் அக்காவின் வேலை. பக்கத்தில் இருப்பவளோடு வம்பளந்துகொண்டே ஒரே அடியில் குத்திவிடுவாள்.

போன வாரம் ஒரு பெரியவர் அசல் வாள் ஒன்றைக் கொண்டுவந்தார். எல்லையில் இறந்துபோன மகனுடையது. அலகில் அவன் பெயரை மெல்லிய எழுத்தில் பொறித்திருந்தார்கள். கைப்பிடிதான் ஆடியது. மகனோடு செத்த நண்பர்களின் வாள்கள் படைப்பிரிவு மண்டபத்தில் வரிசையாகத் தொங்குகின்றன. இதையும் அங்கே மாட்டச் சம்மதம் வாங்குவதற்குள், பேருந்து ஓட்டி ஓய்ந்த அந்த மனிதருக்குச் செருப்பு தேய்ந்துவிட்டது. அசலாக இருந்தால்தான் வாங்கிக்கொள்வார்களாம்.

அக்கா ஆப்பு வைத்துக் கண்ணும் கருத்துமாகக் கைப்பிடியை இறுக்கினாள். ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. அப்புறம் கை தன்பாட்டுக்கு முத்திரை அச்சை எடுத்தது. இறுக்கினால் குத்துவது, இத்தனை வருஷத்துப் பழக்கம். சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பெயருக்கு நேர் கீழே ஆழமாக இறங்கியிருந்தது முத்திரை.

கையை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். “துணியில சுத்திக் குடுத்து அனுப்பிடு. கேட்டா எங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லிக்கலாம்.”

“மண்டபத்து வாசல்லயா அந்த மனுஷனுக்கு இது தெரியணும்? நானே சொல்லிடறேன் முதலாளி.”

சாயங்காலம் பெரியவர் வந்தார். அவள் ஒளிக்காமல் சொன்னாள். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவரோ மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முத்திரையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“இதை அழிக்க முடியுமாம்மா?”

“முடியும்பா. ஆனா அந்த இடம் முழுக்கத் தேய்க்கணும். தேய்ச்சா தம்பி பேரும் போயிடும்.”

“மறுபடி பொறிக்கலாமா?”

“எங்க எழுத்து வேற மாதிரி இருக்கும்பா. பார்த்த உடனே நகல்னு திருப்பி அனுப்பிடுவாங்க. பேரே இல்லாட்டியும் வாள் அசல்தானே, வாங்கிக்குவாங்க.”

பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். வாளை மடியில் வைத்துக்கொண்டு பெயரை விரலால் தடவினார்.

“பேரு இருந்தா முத்திரையும் இருக்கும், இது என்கூட வீட்டுலதான் கிடக்கணும்,” என்றார் கடைசியில். “அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே தனியா இருக்கறதுன்னா ஆகாது. கூட்டாளிங்களோட இருக்கட்டும். தேய்ச்சுடும்மா.”

அவள் சாணைச் சக்கரத்தை ஓடவிட்டாள். வாள் நிலையாக நிற்கவில்லை. பெரியவர் எழுந்து வந்து அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

“நானும் பிடிக்கறேன்,” என்றார். “அந்தப் பேரை வச்சவன் நான்தானே.”