இரண்டு கூம்பு, ஒரு உருண்டை

ரயிலைக் கப்பலில் ஏற்றும்போது எஞ்சினை ஏற்றமாட்டார்கள். அது கரையிலேயே நின்றுவிடும். ஒரு சின்ன எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளை மட்டும் தள்ளிக்கொண்டு வந்து கப்பலின் திறந்த வாய்க்குள் நுழைக்கும். உள்ளே, அடித்தளத்தில், தண்டவாளங்கள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. முழு ரயிலும் ஒரே வரிசையில் அடங்காது. அதனால் அதை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை இடப்பக்கமும் மறு பாதியை வலப்பக்கமும் நிறுத்துவார்கள். கப்பல் சாயாமல் போகவேண்டுமென்றால் இரண்டு பக்கமும் எடை ஒன்றாக இருக்கவேண்டும். எங்கள் தீவின் துறைமுகமான மெஸ்ஸினாவில் இறங்கியதும் ஒரு பாதி மலைக்குள் சுரங்கம் வழியாகப் பலெர்மோவுக்குப் போகும். மறு பாதி கடலோரமாகக் கத்தானியாவுக்கு வரும்.

நான் கத்தானியாவில் லிஃப்ட் பழுதுபார்க்கிறவள். லிஃப்டும் இதே கணக்குதான். கம்பிவடத்தின் ஒரு முனையில் நீங்கள் நிற்கும் பெட்டி, மறுமுனையில் அதற்கு ஈடான எடை. ஒன்று மேலே வரவேண்டுமானால் மற்றது கீழே போயாகவேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் பொத்தானை மட்டும் திரும்பத் திரும்ப அமுக்குகிறவர்களோடுதான் என் பாதி நாள் போகிறது.

அந்த அக்டோபர் மத்தியானம் நாங்கள் மூன்று பேர் ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். நான் வெனேரா. கூட வந்தவர்கள் ஒராட்ஸியோவும் நுன்ஸியோவும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கூட்டாளிகள். ஒராட்ஸியோ நகரப் பேருந்து ஓட்டுகிறான். நுன்ஸியோ மருந்துக்கடை வைத்திருக்கிறான். அதனால் ஒராட்ஸியோவுக்கு அவன் எப்போதும் ‘டாக்டர்’.

பயணம் நன்றாகத்தான் தொடங்கியது. புடாபெஸ்டில் வெந்நீர்க் குளத்தில் கழுத்துவரை அமிழ்ந்துகொண்டு சதுரங்கம் ஆடினோம். வியன்னாவில் ரயிலைத் தவறவிட்டு, யாரால் தவறியது என்று நடைமேடையிலேயே இருவரும் சண்டை போட்டார்கள். ஒராட்ஸியோ கோபத்தில் இழுத்த பை நுன்ஸியோவின் முகத்தில் இடித்து மூக்குக்கண்ணாடியின் ஒரு கை உடைந்தது. அரைநாள் பேச்சில்லை. பிறகு ஒராட்ஸியோவே தன் பையிலிருந்து வெள்ளை டேப்பை எடுத்து, குழந்தைக்குக் கட்டுப் போடுகிறவன்போல அந்தக் கையைச் சுற்றி ஒட்டிக் கொடுத்தான்.

பிராகில் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் நிற்காத லிஃப்ட் ஒன்று ஓடுவதாகக் கேள்விப்பட்டு நான் தேடிப் போனேன். அதற்குக் கதவு கிடையாது, பொத்தான் கிடையாது. ஒரு சங்கிலியில் பெட்டிகள் கோத்திருக்கும். ஒரு பக்கம் ஏறிக்கொண்டே இருக்கும், பக்கத்திலேயே இறங்கிக்கொண்டே இருக்கும். ஓடுகிறபோதே ஏறி, ஓடுகிறபோதே இறங்கவேண்டும். கடைசி மாடியில் இறங்காவிட்டால் பெட்டி உச்சிக்குப் போய், இருட்டில் பக்கவாட்டில் நகர்ந்து, மறுபக்கமாகக் கீழே வரும். தலைகீழாகக் கவிழாது. நுன்ஸியோவுக்கு இது தெரியாது. கடைசி மாடியைத் தாண்டும்போது என் கையைப் பிடித்து, “வெனேரா, என்னக் கட்டிக்கிறியா?” என்று கேட்டான். அதே நொடியில் இருட்டு வந்தது. பெட்டி கவிழப்போகிறதென்று நினைத்துத் தலையில் கைவைத்துக் குந்தி உட்கார்ந்துவிட்டான். நான் சிரித்துவிட்டேன்.

கீழே வந்ததும் அவன் சட்டையைத் தட்டிக்கொண்டு சொன்னான்: “இப்ப சொல்லவேணாம். தீவுல கால் வைக்கிறதுக்குள்ள சொல்லு. அதுக்கப்புறம் நான் கேக்கமாட்டேன்.”

அவன் சொன்னால் சொன்னதுதான். எங்கள் தீவுக்குப் பாலம் கிடையாது, ரயிலும் கப்பலில்தான் வரவேண்டும். ஆக இந்தக் கப்பல்தான் கடைசி. சரி என்று சொல்ல எப்போதோ முடிவு செய்துவிட்டிருந்தேன். ஒராட்ஸியோ தூங்கட்டும் என்று காத்திருந்தேன். அவன் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக் குறட்டைவிடத் தொடங்கிய நேரம் பார்த்து நுன்ஸியோ எழுந்தான்.

“மேல போய் மூணு அரஞ்சினோ வாங்கிட்டு வரேன்.”

கப்பலில் ஏறினால் அரஞ்சினோ தின்னாமல் யாரும் இறங்கமாட்டோம். சோற்றை உருட்டி, நடுவில் இறைச்சிக் குழம்பு வைத்து, எண்ணெயில் பொரித்தது. எங்கள் ஊரில் அதன் பெயர் ஆண்பால். அரஞ்சினோ. எரிமலை மாதிரி கூம்பாக இருக்கும். பலெர்மோக்காரர்களுக்கு அது பெண்பால். அரஞ்சினா. ஆரஞ்சுப்பழம் மாதிரி உருண்டை. இதற்காகக் கல்யாணப் பேச்சே முறிந்த வீடுகள் உண்டு. கத்தானியாக்காரன் எவனும் கழுத்தில் கத்தி வைத்தாலும் அரஞ்சினா என்று சொல்லமாட்டான்.

நுன்ஸியோ போனதும் ஜன்னலைப் பார்த்தேன். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பலெர்மோ போகும் பெட்டிகள் நின்றன. எஞ்சினிலிருந்து வரும் மின்சாரம் இல்லாததால் பேட்டரி விளக்குகள் மங்கலாக எரிந்தன. எதிர்ப் பெட்டியின் ஜன்னலில் சிவப்புத் துப்பட்டா போட்ட ஒரு பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவன் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கினான்.

நானும் சிவப்புத் துப்பட்டாதான் போட்டிருந்தேன். கண்ணாடியில் தெரியும் என் உருவம்தான் என்று நினைத்தேன். இரண்டு ஜன்னல்கள் எதிரெதிரே இருந்தால் அப்படித் தெரியும். ஆனால் அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கண்ணாடி முன்னால் வலது கையைத் தூக்கினால், உருவத்தில் அந்தக் கைக்கு நேர் எதிரே இருக்கும் கைதான் உயரும். நிஜ ஆள் எதிரே நின்று தன் வலது கையைத் தூக்கினால் அது குறுக்கே, மறுபக்கத்தில் உயரும். நான் வலது கையைத் தூக்கினேன். அவளும் தூக்கினாள். குறுக்கே உயர்ந்தது.

அப்போதுதான் மூன்றாவது இருக்கையைக் கவனித்தேன். எங்கள் பக்கம் அது காலி. அந்தப் பக்கம் நுன்ஸியோ உட்கார்ந்திருந்தான். அவளிடம் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனான்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் பெட்டியின் கதவு நகர்ந்தது. நுன்ஸியோ காகிதப் பொட்டலத்தோடு வந்து என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, ரொம்ப நாள் பழக்கம்போல என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

“சூடா இருக்கு அரஞ்சினா. பாத்துத் தின்னு,” என்றான்.

ஒராட்ஸியோ தொப்பியை விலக்கினான். “என்னடா சொன்ன?”

“அரஞ்சினா. எந்திரி, ஆறிடும்.”

“டாக்டரே, ஊரு சுத்தப் போய் மானத்த அங்கயே விட்டுட்டு வந்துட்டியா? இது என்ன, பந்தா? மூணும் உருண்டையா இருக்கு. எனக்கு வேணாம்பா. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா வீட்டுல சேக்கமாட்டா.” அவன் மறுபடி தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டான்.

அந்தக் கப்பலில் நான் உருண்டையைப் பார்த்ததே இல்லை. பொரிப்பவர் மெஸ்ஸினாக்காரர், அவர்களுக்கும் கூம்புதான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியில் டேப் இல்லை. கை உடையவே இல்லை. புதிதுபோல நேராக இருந்தது.

“கண்ணாடிய எங்க சரி பண்ணின?”

“கண்ணாடிக்கு என்ன?” என்று சிரித்தான். “என்ன இப்படிக் கை சில்லுனு இருக்கு? பயமா? கல்யாணம் மே மாசந்தான், இன்னும் நாள் கெடக்கு. உங்கம்மாகிட்ட நானே பேசுறேன்.”

“என்ன பேசுவ?”

“பிராக்ல நீ சரின்னு சொன்னதத்தான். உச்சியில இருட்டு வந்தப்ப என் கைய இறுக்கிப் புடிச்சு சொன்னியே.”

எதிர் ஜன்னலைப் பார்த்தேன். அங்கே காலியாக இருந்த இருக்கையில் இப்போது ஒருவன் வந்து உட்கார்ந்தான். காதருகே வெள்ளை டேப் தெரிந்தது. மடியில் பொட்டலம். சிவப்புத் துப்பட்டாக்காரி அவன் பக்கம் திரும்பாமல் என்னையே பார்த்தாள். நான் கண்ணாடியில் தட்டினேன். அவளும் தட்டினாள். கப்பல் எஞ்சினின் இரைச்சலில் இரண்டும் கேட்கவில்லை.

எப்படி நடந்திருக்கும் என்று எனக்கு உடனே தெரிந்தது. அடித்தளத்திலிருந்து மேலே போக இரண்டு இரும்புப் படிக்கட்டுகள், அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி. மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றினால் எதில் ஏறினோம் என்பது மறந்துபோகும். இறங்கும்போது பக்கம் மாறிவிடும். எல்லோருக்கும் நடக்கிற தவறுதான். கப்பல் மெஸ்ஸினாவை அடைவதற்குள் யாராவது, “இது உங்க பெட்டி இல்ல” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

யாரும் சொல்லாவிட்டால் போகவேண்டியதில்லை.

இவன் கை வெதுவெதுப்பாக இருந்தது. இவனுக்கு நான் பதில் சொல்லவே தேவையில்லை. ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. இவன் முன்னால் நான் சிரிக்கவில்லை. இவன் குந்தி உட்காரவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பெட்டிகள் தனித்தனியாகப் போய்விடும். கப்பலின் அதிர்வு குறைந்தது. கரை நெருங்கும்போது எஞ்சினைத் தணிப்பார்கள். மேலே சங்கிலிகள் உராயும் சத்தம் கேட்டது.

அங்கே என் நுன்ஸியோ தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் கையை அவள் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த கணக்கு அவளுக்கும் தெரிந்திருக்கவேண்டும். அவளும் லிஃப்ட்காரியாகத்தானே இருப்பாள். ஒன்று வரவேண்டுமானால் மற்றது போகவேண்டும். முதலில் யார் விடுவது என்பதுதான் கேள்வி.

“நுன்ஸியோ, இது கத்தானியா பெட்டி,” என்றேன்.

“கத்தானியாவா? நமக்கு அங்க என்ன வேல?”

“எனக்கு வீடு அங்கதான்.”

அவன் சிரிக்கப் பார்த்தான். பிறகு என் தோளுக்கு மேலே ஜன்னலைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். என் கையைத் தன் மடியிலிருந்து எடுத்து, உடைந்துவிடும் பொருளைப்போல என் மடியில் வைத்தான்.

“அப்ப நீ சொல்லலையா?”

“இல்ல.”

“ஏன்?”

“சிரிச்சுட்டேன்.”

அவன் தலையாட்டினான். பொட்டலத்தை மடித்து எடுத்துக்கொண்டு கதவருகே போனவன் திரும்பிப் பார்த்தான். “கரை வந்துருச்சு. அவன்கிட்ட சீக்கிரம் சொல்லிரு. நானா இருந்தா ரொம்ப நேரம் தாங்கமாட்டேன்.”

அவன் போனதும் எதிர் ஜன்னலைப் பார்த்தேன். அவள் இன்னும் கையை விடவில்லை. நான் என் இரண்டு வெறுங்கைகளையும் உயர்த்திக் காட்டினேன். அவள் அவற்றைப் பார்த்தாள். பிறகு குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னாள். கொஞ்சம் நீளமாகவே சொன்னாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்புறம் எழுந்து போனான்.

இரண்டு பெட்டிகளிலும் ஒரு இருக்கை காலியாக இருந்தது. கப்பல் கரையில் இடித்து நின்றது. வாய் திறந்து வெளிச்சம் உள்ளே ஏறிவந்தது. ஊழியர்கள் சக்கரங்களில் பூட்டிய கொக்கிகளைக் கழற்றிக்கொண்டே நடந்தார்கள். பலெர்மோ பெட்டிகளைத்தான் முதலில் இழுத்தார்கள். எதிர் ஜன்னல் மெல்ல நகர்ந்தது. அவள் பக்கத்து இருக்கையில் யாராவது வந்து உட்கார்ந்தார்களா என்று பார்க்குமுன் கடந்துபோய்விட்டது.

கதவு நகர்ந்தது. வெள்ளை டேப். மூச்சிரைக்க வந்து எனக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

“மாத்திட்டு வந்தியா? கூட்டமா?” என்று ஒராட்ஸியோ தொப்பிக்குள்ளிருந்து கேட்டான்.

“படியில ஒருத்தன் வழிய மறிச்சுட்டு நின்னான்.”

எங்கள் பெட்டி அசைந்தது. தீவின் தண்டவாளத்தில் முதல் சக்கரம் ஏறும்போது ஒரு சின்னத் துள்ளல் இருக்கும். அது வருவதற்கு முன்னால் சொல்லியாகவேண்டும்.

“நுன்ஸியோ, சரி,” என்றேன். “கட்டிக்கிறேன்.”

ஒராட்ஸியோ தொப்பியை எடுத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

நுன்ஸியோ என்னைப் பார்த்துச் சிரித்தான். நல்ல சிரிப்புதான். “அதான் சொல்லிட்டியே,” என்றான். “திரும்பவும் எதுக்கு?”

“எப்ப சொன்னேன்?”

“இப்பதான, காதுல. பிராக்ல இருட்டுல சொன்னதையும் சேத்து.”

துள்ளல் வந்தது. தீவுக்கு வந்துவிட்டோம்.

“என்னய்யா நடக்குது இங்க? நான் தூங்கினது அரை மணி,” என்றான் ஒராட்ஸியோ. “கல்யாணமா? யாராவது எனக்குச் சொல்லித் தொலைங்கப்பா. சரி, முதல்ல அதக் குடு.”

நுன்ஸியோ பொட்டலத்தைப் பிரித்தான். எண்ணெய் ஊறிய காகிதத்தில் இரண்டு கூம்பு, ஒரு உருண்டை. ஒராட்ஸியோ ஒரு கூம்பை எடுத்துக்கொண்டான். இன்னொன்றை நுன்ஸியோ என்னிடம் நீட்டினான். உருண்டையை யாரையும் கேட்காமல் தானே எடுத்துக்கொண்டான். வெளியே பலெர்மோ பெட்டிகள் மலையை நோக்கி வளைந்து, ஒன்றொன்றாகச் சுரங்கத்துக்குள் மறைந்துகொண்டிருந்தன. அவன் அதைப் பார்த்தபடியே கடித்தான்.

“நல்லாவா இருக்கு அது?” ஒராட்ஸியோ முகத்தைச் சுளித்தான்.

நுன்ஸியோ மென்று விழுங்கினான். கடைசிப் பெட்டியும் மறையும்வரை ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை.

“அரஞ்சினா நல்லாத்தான் இருக்கு,” என்றான்.