அரை வோல்ட்

“உன்கிட்ட நெயில் பாலிஷ் இருக்குமே, நாளைக்கு எடுத்துட்டு வா” என்று மேனேஜர் சொன்னபோதே, என் நகங்களை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை என்று தெரிந்துவிட்டது. ஒட்ட வெட்டிய மொட்டை நகங்கள், ஓரமெல்லாம் பற்றவைக்கிற சால்டர் ஈயத்தின் கறை. தங்கச்சியின் சிவப்புப் பாலிஷைத்தான் எடுத்து வந்தேன். சர்க்யூட் பலகையில் வோல்ட்டைச் சரியாக வைத்தபின் அதன் திருகின் தலையில் ஒரு சொட்டு விட்டால் காய்ந்து இறுகிவிடும். பிறகு யார் கை பட்டாலும் அசையாது.

அந்தச் சர்க்யூட் நான் போட்டது. குறைமாதக் குழந்தைகளை வைக்கிற சூட்டுப்பெட்டியின் வெப்பமானி. உள்ளே ஓர் அரை வோல்ட் ஆடாமல் நிற்க வேண்டும்; அதை அளவுகோலாக வைத்துத்தான் பெட்டி தன் சூட்டைக் கணக்கிடும். பலகைக்குப் பலகை சற்று முன்பின் இருக்கும் என்பதால் திருத்திக்கொள்ள ஒரு திருகு. எத்தனையோ சிப்புகளைப் பொசுக்கிய பிறகு, தலைமுடி காய வைக்கிற மெஷினால் சூடு காட்டியும் மீட்டரில் கடைசி இலக்கம்கூட நகராமல் நின்றது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கு வோல்ட் விளங்கவில்லை. “கொழந்தைங்களுக்கா?” என்று மட்டும் கேட்டுக்கொண்டு தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

இன்று வந்து இறங்கிய பலகை ஒன்றில் மீட்டரை மாட்டி, சிப்பின்மேல் கட்டைவிரலை வைத்தேன். எண் ஏறியது. எடுத்தேன், இறங்கியது. சிப்பைச் சுரண்டினேன். நான் கேட்டிருந்த கம்பெனியின் பெயர் பொடியாக உதிர்ந்தது. அடியில் வேறு ஏதோ எழுத்து.

“சார், இது போலி. சூடானா வோல்ட் ஏறுது. பெட்டி நிஜச் சூட்டக் கொறச்சுக் காட்டும். கொறச்சலா இருக்குன்னு ஹீட்டர் இன்னும் எரியும்.”

“திருகு எதுக்கும்மா வச்சிருக்க? அரை வோல்ட்டுக்குத் திருப்பி வை. டெஸ்ட் பண்றவங்க இந்த ரூம்லதான் பாக்கப் போறாங்க. ஏசி ஓடுது.”

“பெட்டிக்குள்ள ஏசி ஓடாது சார்.”

“வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல” என்று சிரித்தார். “நீ வைக்கலன்னா அக்கா வைக்கப் போறாங்க. அவ்வளவுதான்.”

எதிர் மேசையில் சால்டர் வைக்கிற அக்கா எழுந்து வந்து, என் கையிலிருந்த பாலிஷை வாங்கிக்கொண்டாள்.

“அக்கா, வேணாம்.”

“எனக்கென்ன உன்ன மாதிரி பட்டமா இருக்கு, கோவிச்சுக்கிட்டுப் போறதுக்கு?” மூடியைத் திறந்து முகர்ந்தாள். “நல்ல கலரு. நீயும் போட்டுக்கலாம், கொஞ்சம் சிரிச்ச மாதிரியாவது இருக்கும்.”

அவளைத் திட்ட வாய்வரை வந்தது. திட்டி என்ன கிழிக்கப் போகிறேன்? அவள் திருகினாள், மீட்டரைப் பார்த்தாள், சொட்டு வைத்தாள், அடுத்ததை எடுத்தாள். கடைசிப் பலகையும் முடிந்தபின் டெஸ்ட் பண்ண வந்தவர் உட்காரக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, “நீட்டா இருக்கே, யார் டிசைன்?” என்றார். மேனேஜர் என்னைக் காட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் இருவரும் வாசலைத் தாண்டியிருந்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் ஏசியை அணைத்துவிட்டு எல்லாரும் போனார்கள். நான் போகவில்லை. ஜன்னல் வழியாக வெயில் மெல்ல மேசைக்கு ஏறி வந்தது. தட்டு நிறையப் பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புச் சொட்டு, இன்னும் ஈரம்போல மினுங்க. கடைசிப் பலகையிலிருந்து மீட்டரைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. அதில் எண் ஏறிக்கொண்டிருந்தது.