எஞ்சினியர் பாலேந்திராவின் டர்போ

சுஜீதா வெள்ளைச் சேலையின் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஜீப்பின் பொனற்றில் ஒட்டியிருந்த அப்பாவின் படத்தை இரண்டு கையாலும் உரித்துக்கொண்டிருந்தாள். உரிக்காமல் பொனற்றைத் திறக்க முடியாது. கழுத்துப்பட்டி கட்டிய பாலேந்திரா, நெஞ்சளவு, ஒரு மீற்றர் அகலம். கீழே தங்க எழுத்தில் ‘எந்திரவியற் செம்மல்’ என்று போட்டிருந்தது. பட்டத்தை வழங்கியவர் அவளுடைய சித்தப்பா குணநாயகம், டென்மார்க்கில் கிரின்ஸ்டெட் தமிழர் ஒன்றியத்தின் தலைவர். ஒன்றியத்தில் பதினொரு குடும்பங்கள். அதில் நான்கு அவரோடு கதைப்பதில்லை.

என்ன செய்கிறாய் என்று சித்தப்பா ஓடிவந்தார். ஒயில் பார்க்கவேண்டும் என்றாள் அவள். இன்றைக்கும் ஒயிலா என்று கேட்டு, பிரேதம் வைத்திருந்த சப்பலின் முற்றத்தில் நின்ற ஆண்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் செத்தவீட்டுக்கு ஏற்ற அளவில் சிரித்தார்கள்.

அப்பாவின் சவப்பெட்டி ஏற்கெனவே ஜீப்புக்குள் ஏறியிருந்தது. பின் இருக்கையில் பாதியைக் கழற்றி, ஓட்டுபவருக்கு நேர் பின்னால் அதற்கு இடம் செய்திருந்தார்கள். சொந்த வாகனத்தில் பெட்டி கொண்டுபோகச் சட்டத்தில் தடை இல்லை என்று சவ அடக்கம் பார்க்கிற டேனிஷ்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார். முப்பது வருடத்தில் அவர் தீயணைப்பு வண்டியில் ஒரு பெட்டியும், சாமான் ஏற்றும் சைக்கிளில் ஒரு பெட்டியும் போகக் கண்டவர். ஜீப் ஓடினால் சரி என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த சாவைப் பார்க்கப் போய்விட்டார்.

பாலேந்திரா எஞ்சினியர் ஆன கதை சின்னது. யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரிக்கு மூன்று மாதம் போனார். பிறகு நாடு குழம்பி டென்மார்க்குக்கு வந்து, கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் கோழிக்கால் அடுக்கினார். ஒருநாள் அங்கே கோழி போகிற பெல்ற் நின்றுபோனது. மெக்கானிக் வரும்வரை எல்லோரும் கைகட்டி நிற்க, யாரோ தட்டுப்பட்டு அமுக்கிவிட்டிருந்த அவசர நிறுத்தப் பொத்தானை பாலேந்திரா வெளியே இழுத்துவிட்டார். பெல்ற் ஓடியது. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவர் எஞ்சினியராக வந்தார். கலியாண அழைப்பிதழ்களிலும் அப்படியே வந்தது. ஒருவரும் மறுக்கவில்லை, தங்களுக்கும் ஒன்று தேவைப்படலாம் என்பதால்.

உண்மையான எஞ்சினியர் ஒருத்தி அந்த வீட்டில் இருந்தாள். சுஜீதா படித்து முடித்து, கப்பல் எஞ்சின்களுக்கு டர்போ சோதிக்கிற வேலையில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறாள். ஒரு ஆள் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், அவ்வளவு பெரிய டர்போக்கள். கம்பியூட்டரில் வேலை என்று அப்பா ஊராருக்குச் சொல்லி வைத்திருந்தார்.

ஜீப் எண்பத்தாறாம் ஆண்டு மொடல், டீசல், ஆறு சிலிண்டர். ஓய்வுபெற்ற காட்டதிகாரி ஒருவரிடம் வாங்கியது. நெடுஞ்சாலையில் பால் வண்டிகள் அதை முந்திப் போயின. எஞ்சினியருக்கு அது பொறுக்கவில்லை. அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு டர்போ பெட்டியைத் தபாலில் எடுப்பித்தார். வெளியே போகிற புகையின் வேகத்திலேயே சுழன்று, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் ஊதுகிற சாமான் அது. ஊதும்போது விசில் அடிக்கும். அந்த விசிலைப் பற்றி ஆறு வருடம் பேசினார். டர்போவிலிருந்து ஒயில் திரும்பி வழிய எஞ்சினின் அடித்தட்டில் ஒரு ஓட்டை போடவேண்டும். அதையும் தானே போட்டார், ஒயில் மட்டத்துக்குக் கீழே. ஒன்பது லீற்றர் ஒயில் முற்றத்தில் ஓடியது. அதன் பிறகு வேலை தத்துவார்த்தமாக மட்டும் நடந்தது.

ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நான் பூட்டித் தாறன் என்று சுஜீதா கேட்பாள். கப்பல் வேறை, ஜீப் வேறை என்பார்.

கணையத்தில் புற்றுநோய், சில கிழமைகள்தான் என்று டொக்டர் சொன்ன அன்று, சாகிறதுக்கு முந்தி அந்த விசிலைக் கேக்கோணும் என்று பாலேந்திரா தம்பியிடம் சொன்னார். மகளிடம் சொல்லவில்லை. ஆனாலும் சுஜீதா லீவு போட்டு வந்தாள். பிழையான ஓட்டையை ஒட்டி அடைத்து, சரியான இடத்தில் துளைத்தாள். புகைக்குழாயின் சூட்டைக் காட்ட ஒரு மானியும் வைத்தாள். பன்னிரண்டு நாள். அவளுக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா ஒருதரம் அவளைப் பார்த்து, நீ செய்தாய் என்று சொல்லவேண்டும். நன்றாய்ச் செய்தாய் என்றுகூட வேண்டாம்.

போன ஞாயிறு மத்தியானம், அப்பாவின் கட்டில் இருந்த அறையின் யன்னலைத் திறந்துவைத்து, ஜீப்பை ஒழுங்கையில் இரண்டு தரம் ஓட்டிக் காட்டினாள். விசில் அடித்தது. ஊசிமுனைபோல மெல்லியதாய்த் தொடங்கி, நன்றாகவே அடித்தது. கையைத் துடைக்காமலே உள்ளே போனாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தபடி கிடந்தார். பக்கத்தில் சித்தப்பா.

“கேட்டியே குணம்,” என்றார் அப்பா. “எனக்கு ஒரு ஆம்பிளைப் பிள்ளை இருந்திருந்தா இது ஆறு வருசத்துக்கு முந்தியே முடிஞ்சிருக்கும்.”

அன்று பின்னேரம் நாலரைக்குச் சீவன் போனது. இடையில் தண்ணீர் கேட்டாரே தவிர, வேறொன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு சுஜீதா கேட்டது ஒன்றே ஒன்று. சுடுகிற இடம், கிரெமற்றோரியம், நாற்பது கிலோமீற்றர் தள்ளி இருந்தது. ஜீப்பை நான் ஓட்டுகிறேன் என்றாள். பொம்பிளைப் பிள்ளை தேப்பனைச் சுடலைக்கு ஓட்டிக்கொண்டு போறதோ, லைவில நாலு நாடு பாக்குது என்றார் சித்தப்பா. கொள்ளிக் கடன் அவருடைய மகன் தாரகனுக்கு என்று தீர்மானமாகியிருந்தது. ஸ்ரேறிங்கும் கொள்ளியோடு சேர்ந்தது என்றும் தீர்மானமாயிற்று. தாரகன் வீடு விற்றுக் கொடுக்கும் நிறுவனத்தில் வேலை. நல்ல பெடியன். காலையில் ஐயர் சொன்ன மந்திரங்களில் நாக்குப் புரளாத இடங்களில் எல்லாம் தலையை ஆட்டினான்.

பொனற் திறந்தது. ஒயில் சரியாகத்தான் இருந்தது. சுஜீதா டீசல் பம்பைப் பார்த்தாள். அதன் பின்பக்கம் ஒரு சின்னத் திருகு உண்டு. உள்ளே திருப்பினால் எஞ்சினுக்கு டீசல் கூடப் போகும்; இழுவை கூடும், சத்தம் கூடும், சூடும் கூடும். பழைய எஞ்சின் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்து நிறுத்துவதுதான் முழு வேலையும். அவள் அரைச் சுற்றோடு நிறுத்தி, அசையாதபடி சிவப்பு நகப்பூச்சு வைத்திருந்தாள். நகப்பூச்சு வெடித்திருந்தது.

“ஆர் உதைத் திருப்பினது?”

“நான்தான்,” என்றார் சித்தப்பா, ஒளிக்காமல். “மூண்டு சுத்து. அண்ணை எப்பவும் மூண்டு வேணுமெண்டவர். அவற்ரை கடைசி ஆசை.”

“பிஸ்ரன் உருகும், சித்தப்பா. பதினைஞ்சு நிமிசம் தாங்காது.”

“பிள்ளை,” என்றார் அவர், பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்க. “உன்ரை கொப்பர் முப்பது வருசம் எஞ்சினியர். செத்த வீட்டிலயாவது அவரைவிட எனக்குத் தெரியுமெண்டு நிக்காதை.”

திருகாணி முடுக்கி அவளுடைய காரின் பின்னால் கருவிப்பெட்டியில் கிடந்தது. எடுத்து வந்து திருப்ப அரை நிமிடம் போதும். சுஜீதா பொனற்றைச் சாத்தினாள். அப்பாவின் படத்தை இரண்டு ஆட்கள் திரும்ப ஒட்டினார்கள். இம்முறை சற்றுக் கீழே இறங்கி, காற்றுப் போகிற சல்லடையையும் மூடிக்கொண்டது. அதன்மேல் ஒன்றியத்தின் மலர்வளையத்தைக் கட்டினார்கள்.

அவளுக்குப் பெட்டியின் பக்கத்தில் மிச்சமிருந்த பாதி இருக்கை கிடைத்தது. முன்னால் தாரகன், வேட்டியைத் தூக்கிக் கட்டி, உள்ளே குளிருக்குப் போட்ட கறுப்புக் காற்சட்டை தெரிய. பக்கத்தில் தலைவர் சித்தப்பா, தடியில் செருகிய போனில் லைவ் ஓட. அம்மா யோகம்மா அடுத்த காரில். ஜீப்போடு மொத்தம் பதினாறு கார்.

ஊர் எல்லை தாண்டும்வரை அமைதியாகவே போனது. ரொறன்ரோவில் விடிய நாலு மணிக்கு எழும்பியிருந்த சொந்தக்காரர் ஒருவர், விசில் சத்தம் கேக்கேல்லை என்று லைவின் கீழே எழுதினார். லண்டனிலிருந்தும் ஒருவர் அதையே எழுதினார். தலைவர் போனை எஞ்சின் பக்கம் நீட்டினார்.

“மிதி தம்பி. சனம் கேக்குது.”

தாரகன் மிதித்தான். விசில் எழுந்தது. பின்கண்ணாடியில் சுஜீதா பார்த்தாள். கரிப்புகை ஒன்று சுருண்டு எழும்பி, பின்னால் வந்த பதினைந்து காரையும் ஒவ்வொன்றாக விழுங்கியது. சூட்டுமானி அறுநூறு பாகையைக் காட்டியது. சவுக்குத் தோப்புபோல ஊசியிலை மரக்காடு இரண்டு பக்கமும் ஓடியது. அறுநூற்றைம்பது. தலைவர் போனுக்குள் அண்ணையின் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினார்: ஒரு தொழிற்சாலையையே தனியொருவராக மீட்ட வரலாறு, நோயில் கிடந்தபடி தன் கையாலேயே இந்த டர்போவைப் பூட்டி முடித்த மனத்திடம். உருகிப்போய் ஒருவர் கும்பிடுகிற கையை அனுப்பினார். எழுநூறு.

தாரகன் கண்ணாடிக்குள்ளால் அவளைப் பார்த்தான். அந்தப் பெடியனுக்குத்தான் அது கண்ணில் பட்டது. இந்த ஊசி சிவப்புக்குள் போகிறதே, பரவாயில்லையா அக்கா என்று டேனிஷில் கேட்டான்.

மெதுவாய் ஓடு. இரண்டு சொல். வாய்வரை வந்துமிருந்தது.

“ஊசி ஏறினாத்தான் வேலை செய்யுதெண்டு அர்த்தம்,” என்றார் தலைவர். “அண்ணை எனக்கு விளங்கப்படுத்தினவர். என்ன சுஜீதா, சரிதானே?”

அவளுடைய முப்பத்தெட்டு வயதில், ஒரு எஞ்சினைப் பற்றி அந்தக் குடும்பத்தில் ஒருவர் அவளிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

“ஓம் சித்தப்பா,” என்றாள். “அப்பா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

இன்னும் ஆறு கிலோமீற்றர் போனது. முதலில் யாரோ பொனற்றுக்குள்ளிருந்து சுத்தியலால் தட்டுவதுபோல ஒரு சத்தம். பிறகு பெரிதாய் ஒன்று. வெள்ளையாய்ப் புகை கிளம்பி, பொனற்றின்மேல் அப்பாவின் படம் ஒரு மூலையிலிருந்து சுருங்கத் தொடங்கியது. ஜீப் தானாக ஓரத்துக்கு உருண்டு நின்றது. விசில் மட்டும் இன்னும் சில விநாடி, மெலிந்து மெலிந்து ஓய்ந்தது. ஏன் நிண்டிட்டியள் என்று ரொறன்ரோ கேட்டது.

ஆண்கள் இறங்கி வட்டமாக நின்று, தண்ணியாக்கும் என்றார்கள், பற்றறியாக்கும் என்றார்கள். டேனிஷில் கதைக்கவேண்டியிருந்ததால் கிரெமற்றோரியத்துக்குப் போன் எடுக்கும் பொறுப்பு சுஜீதாவுக்கு வந்தது. அங்கே இருந்த பெண் மிகவும் அன்பாகப் பேசினாள். பதினொன்றுக்குப் பதிந்த மண்டபம் போய்விடும். அடுத்த குடும்பம் வருகிறது. இரண்டு மணிக்குள் பின்வாசலால் வந்தால் பெட்டியை வாங்கிக்கொள்வார்கள்.

“மண்டபம் இல்லையாம்,” என்றாள் சித்தப்பாவிடம். “பேச்சும் இல்லையாம்.”

அவருடைய கோட்டுப் பையில் எட்டுப் பக்கம் இருந்தது. “ஒரு அஞ்சு நிமிசம்கூட...”

“பெட்டியை மட்டும் வாங்குவினமாம்.”

அவர் மலர்வளையத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உழவு இயந்திரத்தில் வந்த கமக்காரர் ஒருவர், பதினாறு காரையும் வெள்ளையுடுத்த சனத்தையும் கண்டு நிறுத்தினார். ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தவர் தொப்பியைக் கழற்றினார். எங்கே போகவேண்டும் என்று கேட்டு, தினமும் போகிற இடம்போலத் தலையசைத்து, இழுக்கிற பட்டியை எடுத்துக் கொளுவத் தொடங்கினார். எஞ்சின் செத்த வண்டியில் ஸ்ரேறிங் கல்லாய் இருக்கும், பிறேக்கும் இலகுவில் பிடிக்காது, பழகிய ஒருவர் இருக்கவேண்டும் என்றார். தாரகன் ஜீப்பின் கதவிலிருந்து இரண்டடி தள்ளி நின்றான்.

அம்மா காரிலிருந்து இறங்கி வந்தாள். சேலையெல்லாம் கரிப்பொட்டு. மகளுக்கு மிகக் கிட்ட வந்து நின்றாள்.

“ஜீப் நிக்குமெண்டு உனக்குத் தெரியுமோ?”

சுஜீதா பட்டி கொளுவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காட்டுக்குள்ளிருந்து ஒரு காகம் கத்தியது. அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“சுஜீதா ஓட்டட்டும்.”

சித்தப்பா அடுத்த காருக்குப் போனார்.

சுஜீதா ஏறி, கண்ணாடியைத் தன் உயரத்துக்குச் சரிசெய்தாள். உழவு இயந்திரத்தின் மஞ்சள் விளக்கு சுழன்றது. மணிக்கு முப்பதில், பின்னால் பதினைந்து கார் ஊர, புறப்பட்டார்கள். ஸ்ரேறிங்கை முழுப் பலத்தோடும் பிடித்திருந்தாள். பள்ளத்தில் இறங்குகையில் பட்டி தொய்யாதிருக்க, இரண்டு காலாலும் பிறேக்கை மிதிக்கவேண்டியிருந்தது. மிதித்தபோதெல்லாம் பெட்டி கொஞ்சம் முன்னால் வழுக்கி வந்து, அவளுடைய இருக்கையின் முதுகில் இடித்தது.

மூன்றாம் தரமும் இடித்தபோது, கீழே கைவிட்டு இருக்கையின் பூட்டை விடுவித்து, அதை ஒரு பல் முன்னால் தள்ளிக்கொண்டாள்.