வளையத்துக்குள் அடங்காத ராஜா

ராஜா இறந்த செய்தி வந்ததுமே பஷேது அத்தான் உளியை எடுத்துவிட்டார். புது ராஜாவுக்கு ஐந்து பெயர்கள் சூட்டுவார்கள். கடைசி இரண்டை, அடியில் முடிச்சுப் போட்ட கயிறு மாதிரிச் செதுக்கிய நீள்வளையத்துக்குள் செதுக்க வேண்டும். பெயர்கள் வந்து சேர்வதற்குள் வளையங்களை முடித்துவைத்தால் மேலதிகாரி காஹா மெச்சுவார் என்று, பழைய ராஜாவின் அளவிலேயே கோயில் வாசலில் இரண்டையும் செதுக்கினார். காஹா மெச்சினால் கோயிலிலேயே வேலை. இல்லையென்றால் பாலைவனத்துக் கல்குவாரி. என் அக்கா தாகாத்துக்குப் பிள்ளை பிறக்கும்போது அத்தான் பக்கத்தில் இருக்கமாட்டார்.

பெயர்கள் வந்தன. நான்காவது அடங்கிவிட்டது. ஐந்தாவதில் ‘ஆமோன் சாமிக்குப் பிரியமானவர், நம் நகரத்தை ஆள்பவர்’ என்று பட்டங்களும் சேர்ந்திருந்தன.

நானும் அக்காவும் ரொட்டியும் பீரும் கொண்டுபோனபோது அத்தான் சுவரையே வெறித்துக்கொண்டிருந்தார்.

“ஆமோன் வரைக்கும்தான் இடம் இருக்கு, தாகாத்.”

“அப்போ ராஜா ஊரை ஆளவேண்டாம். வெளியில நிக்கட்டும்.”

“கிண்டல் பண்ணாதடி! காஹா சாயங்காலம் வர்றார்.”

“பேரும் அளவும் தெரியாத பிள்ளைக்குச் சட்டை தைக்கச் சொன்னது யாருங்க?”

சிரித்துக்கொண்டே அக்கா உட்காரப் போனாள். இடுப்புக் கயிறு வயிற்றை இறுக்கவே, முடிச்சை அவிழ்த்து நுனியில் கட்டிக்கொண்டாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

“ஏங்க, அதுவும் கயிறுதானே? முடிச்சைக் கீழே இறக்கிக் கட்டுங்களேன்.”

அத்தான் ரொட்டியைக்கூடத் தொடவில்லை. வளையத்தின் அடியையும் முடிச்சையும் சாந்து பூசி மறைத்தார். பக்கக் கோடுகளை நீட்டிக் கீழே புது முடிச்சு போட்டார். ராஜா முழுசாக உள்ளே வந்துவிட்டார். சாந்துதான் காயவில்லை.

காஹா வந்தார். நான் பீர்ப் பானைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

“என்னடா பஷேது, ராஜா வயித்துல ஏதோ ஈரம்?”

அக்கா முந்திக்கொண்டாள்.

“வளர்ற ராஜா, ஐயா. கயித்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டோம்.”

காஹா அக்காவின் வயிற்றைப் பார்த்தார். தன் தொந்தியையும் ஒருமுறை தடவிக்கொண்டார்.

“சரி, உள் வாசலையும் நீயே செதுக்கு.”

அக்காவால் சும்மா இருக்க முடியவில்லை. “அடுத்த ராஜாவுக்கு முன்னாடியே அளவு கேட்டுக்கலாம், ஐயா.”

“அடுத்த ராஜாவா? வாயைக் கழுவு! நம்ம ராஜா கோடி வருஷம் இருப்பார்!”

நாலடி போனவர் திரும்பி வந்து, அத்தான் காதருகே குனிந்தார்.

“இருந்தாலும், வளையத்துக்குக் கீழே ஒரு சாண் சும்மா விட்டுவை.”